முதலில் விழுவது முள்ளா, இன்ஜினா? வேக்குவம்-பிரஷர் கேஜ் கிட் விமர்சனம்

ஓடிக்கொண்டிருக்கும் பழைய டீசல் லாரி திடீரென்று நின்றால் பட்டறையில் நடப்பது பெரும்பாலும் ஒரே வரிசைதான். ஃபில்டரை மாற்றுவார்கள், கை பம்பை அடித்து ஏர் எடுப்பார்கள், வண்டி கிளம்பும். கொஞ்ச தூரத்தில் மறுபடி நிற்கும். அடுத்து டாங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப் மாறும், அதற்கும் மசியாவிட்டால் இன்ஜெக்டருக்கு டீசலை அழுத்தி அனுப்பும் மெயின் பம்பே கழன்று மேஜைக்குப் போகும். டாங்க் மூடியில் இருக்கும் ஊசித்துளை காற்றோட்டம் அடைத்திருந்தாலும் இத்தனை செலவும் நடந்துவிடும். இந்தக் கண்மூடி வேலையைத் தடுக்கத்தான், டீசல் லைனில் உள்ள இழுவையையும் (வேக்குவம்) அழுத்தத்தையும் (பிரஷர்) அளந்து காட்டும் வேக்குவம்-பிரஷர் கேஜ் கிட். பல பெயர்களில் விற்றாலும் பெட்டிக்குள் இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: 0-30 இன்ச் (பாதரச அளவு) வேக்குவமும் 0-10 பிஎஸ்ஐ பிரஷரும் காட்டும் ஒரே கேஜ், கை நீளத்துக்கு ஒரு ரப்பர் ஹோஸ், லைனுக்கு நடுவில் கேஜை இணைக்க T வடிவ பிளாஸ்டிக் டி ஒன்று, சில கூம்பு அடாப்டர்கள்.

குறையை முதலில் சொல்லிவிடலாம். இந்த கேஜ் கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் வண்டிக்காகப் பிறந்தது. அதன் பம்ப் தருவது 4 முதல் 7 பிஎஸ்ஐ; அதற்கு 10 வரை போதும். மெயின் பம்ப் இன்லைன் வகையாக இருக்கும் லாரியில் ஃபீட் பம்ப் சுமார் 1 பார், அதாவது 14.5 பிஎஸ்ஐ, அல்லது அதற்கு மேலும் தரும். பிரஷர் பக்கத்தில் மாட்டி ஒருமுறை ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முள் கடைசியில் உள்ள தடுப்பு ஊசியில் மோதி வளையும். அதன்பின் பூஜ்யத்துக்குத் திரும்பாது. ஆகவே டீசல் லாரியில் இதை உறிஞ்சும் பக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிரஷருக்கு 0-60 பிஎஸ்ஐ கேஜ் ஒன்று தனியாக வேண்டும்.

டி-யும் அப்படியே. லாரி லைனில் டீசல் உள்ளே ஓடும் துளையுள்ள பாஞ்சோ போல்ட்தான் இருக்கும், பல பம்புகளில் 14 மில்லிமீட்டர், 1.5 மரை. கூம்பு அடாப்டர் அங்கே எதற்கும் ஆகாது. தலையில் துளையிட்டு கேஜ் மாட்டும் வசதியுள்ள பாஞ்சோ போல்ட்டும், இரண்டு புது காப்பர் வாஷரும் வாங்கிக்கொள்வது நல்லது. பழைய வாஷரே போட வேண்டிய நிலை என்றால் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போட்டெடுங்கள், இளகிவிடும். மரையில் டெஃப்லான் டேப் மட்டும் சுற்றாதீர்கள். அதன் நூல் ஒன்று பிரிந்து பம்புக்குள் போனால் வந்த வியாதியை விட வைத்தியம் பெரிதாகிவிடும்.

கேஜ் காட்டும் அளவை விட, அது விழும் நேரம்தான் முக்கியம். தனியாக வாங்கிய 0-60 பிரஷர் கேஜை ஃபில்டருக்கும் மெயின் பம்புக்கும் நடுவில் மாட்டி, நீள ஹோஸ் போட்டு, முன் கண்ணாடிக்கு வெளியே வைப்பர் பக்கத்தில் டேப் ஒட்டி நிறுத்துங்கள். டீசல் ஹோஸை கேபினுக்குள் கொண்டுவர வேண்டாம். கிட்டில் வரும் ஹோஸ் அவ்வளவு தூரம் எட்டாது, இரண்டரை மீட்டராவது தேவைப்படும். இப்போது சுமையோடு மேடு ஏற்றுங்கள். முள் முதலில் இறங்கி, பின்னால் இன்ஜின் திணறி நின்றால், டீசல் வந்து சேரவில்லை. முள் அசையாமல் இருக்க, இன்ஜின் பொட்டென்று நின்று, அதன் பிறகே முள் சரிந்தால், டாங்க் முதல் ஃபில்டர் வரை எதையும் தொட வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது இன்ஜினை நிறுத்தும் மின்காந்தக் கருவியான ஸ்டாப் சோலினாய்டு, அதன் வயர், ஸ்டாப் கேபிள், இல்லாவிட்டால் மெயின் பம்ப். இந்த ஒரு சோதனைக்காகவே கேஜ் வாங்கலாம்.

டீசல் வரவில்லை என்று தெரிந்தால் வேக்குவம் கேஜை ஃபீட் பம்புக்கு முன்னால் மாட்டுங்கள். எல்லை இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், மேனுவல் சொல்வதே கணக்கு. பொதுவாக முழு வேகத்தில் 4 இன்ச்சுக்குள் இருந்தால் லைன் சுத்தம், 8-ஐத் தாண்டினால் எங்கோ அடைப்பு. எடுத்தவுடனே அதிகம் காட்டினால் டாங்கின் உள்சல்லடை, தண்ணீரையும் அழுக்கையும் பிரிக்கும் செடிமென்டர், அல்லது வெளியே நன்றாகத் தெரிந்தும் உள்பக்கத் தோல் உரிந்து மூடிக்கொள்ளும் பழைய ரப்பர் ஹோஸ். இந்தக் கடைசி ஆளைப் பிடிப்பது கடினம்: இன்ஜின் நின்றதும் தோல் விரிந்துகொள்ளும், ஊதிப் பார்த்தால் காற்று தாராளமாகப் போகும். முள் அரை மணி நேரம் மெல்ல மெல்ல ஏறி, டாங்க் மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்ற சத்தத்தோடு இறங்கினால் மூடியின் காற்றுத்துளைதான். வேக்குவம் பூஜ்யத்தை ஒட்டியும் பிரஷர் குறைவாகவும் இருந்தால் ஃபீட் பம்பின் வால்வு தேய்ந்திருக்கலாம், அல்லது லைன் காற்றை உறிஞ்சுகிறது.

அந்த இரண்டில் எது என்று கேஜ் சொல்லாது. உள்ளே ஓடும் டீசல் தெரியும் கண்ணாடி மாதிரியான ஒரு அடி ஹோஸ் சொல்லும். பெரும்பாலான கிட்டில் இது இல்லை, இருந்தால் மலிவான பிவிசி. டீசல் பட்டு விறைத்துப்போகும். பாலியூரித்தேன் ஹோஸ் கேட்டு வாங்குங்கள், சோதனை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். மாட்டிய முதல் இரண்டு மூன்று நிமிடம் தெரியும் குமிழிகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். அதற்குப் பிறகும் சரம்சரமாக வந்தால் உறிஞ்சும் பக்கத்தில் கசிவு: கை பம்பின் குமிழ் முழுதாக இறுக்கப்படவில்லையா, அதன் ஓ-ரிங் போயிற்றா, ஃபீட் பம்பின் அடிக்கிண்ண கேஸ்கெட் சரியா என்று பாருங்கள். வேக்குவமும் அதிகம், பொடிக் குமிழியும் உண்டு என்றால் கசிவைத் தேடி அலைய வேண்டாம். அடைப்பினால் இழுவை கூடி, டீசலில் கரைந்திருந்த காற்றே வெளியே வருகிறது.

சந்தேகம் தீராவிட்டால், வண்டியை நிறுத்தி வைத்து, 5 லிட்டர் கேனில் சுத்தமான டீசல் ஊற்றி ஒரு ஹோஸால் நேராக ஃபீட் பம்புக்குக் கொடுங்கள். ரிட்டர்ன் லைனையும் கேனிலேயே விடுங்கள். டாங்குக்குப் போனால் கேன் சீக்கிரம் காலியாகி அதுவே இன்ஜினை நிறுத்திவிடும். இப்போது நிற்காமல் ஓடினால் கோளாறு டாங்குக்கும் பம்புக்கும் நடுவில்தான்.

முள் கடைசியில் விழுந்த வண்டிக்கு இந்தப் பெட்டியால் பயன் தீர்ந்தது, மல்டிமீட்டரை எடுங்கள். மின்சாரம் இருக்கும்வரை ஓடவிடும் வகை சோலினாய்டு என்றால், இன்ஜின் ஓடும்போது பேட்டரியிலும் சோலினாய்டு முனையிலும் வோல்டேஜ் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சாவி சுவிட்ச், ரிலே, கிரவுண்ட் வயர் என்று ஒவ்வொன்றாக. வயர் கட்டை (ஹார்னஸ்) கையால் ஆட்டிக்கொண்டே அளக்க வேண்டும். நின்ற வண்டியில் சரியாகக் காட்டும் வயர் குலுக்கலில்தான் விடும்.

மெயின் பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் பைப்பில் இந்த கேஜ்களை எந்தக் காரணத்துக்கும் மாட்டக் கூடாது. அங்கே நூற்றுக்கணக்கான பார் அழுத்தம். சிதறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

எங்கள் தீர்ப்பு: பெட்ரோல் வண்டியும் பார்ப்பவர்கள் இந்தக் கிட்டையே வாங்கலாம். லாரி மட்டும் என்றால் பெட்டியை விட்டுவிட்டு இரண்டு கேஜ், ஒரு பாஞ்சோ அடாப்டர், இரண்டரை மீட்டர் டீசல் ஹோஸ், ஒரு அடி பாலியூரித்தேன் குழாய், நான்கு ஸ்க்ரூ கிளிப் என்று உதிரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கிட்டில் வரும் ஸ்பிரிங் கிளிப்பைத் தூக்கிப் போடுங்கள், உறிஞ்சும் பக்கத்தில் அதுவே காற்றை விடும்.