வவுனியாவில் செய்யப்படும் 'ட்ரிங்கோமலி' மாதிரிக் கப்பல்: ஒரு மதிப்பீடு

வவுனியாவில் தளபாட வேலை செய்யும் தச்சுப்பட்டறை ஒன்றில் 'எச்.எம்.எஸ். ட்ரிங்கோமலி' என்ற பழைய பிரித்தானியப் போர்க்கப்பலின் மர மாதிரியைச் செய்து விற்கிறார்கள். முல்லைத்தீவு மாவட்டத்திலுள்ள எமது பாடசாலையின் நூலகத்துக்கென அதில் ஒன்றை 28,000 ரூபாவுக்கு வாங்கினோம். கட்டில், அலுமாரி, கதவு நிலை எனச் செய்து பழகிய கைகளிலிருந்து இத்தனை நுணுக்கமான வேலை வந்திருப்பது பெருமைக்குரியது. ஆயினும் பாடசாலையில் வைக்கப்படும் மாதிரி அழகாக இருந்தால் மட்டும் போதாது, அது சொல்லும் வரலாறும் சரியாக இருக்கவேண்டும் என்பதால் இரண்டையும் பற்றி எழுதுகிறேன்.

உடலைத் தேக்கிலும் பாய்மரங்களை முதிரையிலும் செய்திருக்கிறார்கள். தேக்கைத் தெரிந்தெடுத்தது மிகப் பொருத்தம், ஏனெனில் மூலக் கப்பலும் தேக்கால் ஆனதே. நெப்போலியனுடனான போர்களின்போது பிரித்தானியாவில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட, அந்நாட்டுக் கடற்படை பம்பாயின் கப்பல் கட்டும் தளத்தை நாடியது. இக்கப்பலுக்கான வரைபடங்களை ஏற்றி வந்த 'ஜாவா' என்ற கப்பல் 1812 டிசம்பரில் 'கொன்ஸ்டிடியூஷன்' என்ற அமெரிக்கக் கப்பலிடம் தோற்று அழிந்துபோனதால், வரைபடங்களின் இன்னொரு பிரதி வந்து சேரும்வரை வேலை தாமதித்தது. பின்னர் பார்சி சமூகத்தவரான ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியாவின் மேற்பார்வையில் மலபார்த் தேக்கைக் கொண்டு கட்டப்பட்டு, 1817 ஒக்டோபர் 12 அன்று அது நீரில் இறக்கப்பட்டது. அந்தக் கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுக நகரில் மிதந்துகொண்டிருக்கிறது. பிரித்தானியப் போர்க்கப்பல்களுள் இன்னமும் மிதப்பவற்றில் இதுவே மிகப் பழையது. இதைவிட மூத்த 'விக்டரி' போர்ட்ஸ்மவுத்தில் உலர்தளத்தில் ஏற்றி வைக்கப்பட்டுள்ளது.

அளவுகளை நாடா வைத்துப் பார்த்தேன். பீரங்கித் தளத்தின் நீளம் 30 அங்குலம், கப்பலின் அகலம் 8 அங்குலம். மூலக் கப்பலில் அவை ஏறத்தாழ 150 அடியும் 40 அடியும் என்பதால், ஓர் அங்குலத்துக்கு 5 அடி என்ற கணக்கு இரண்டிலும் பிசகாமல் வருகிறது. அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், தலைப்பாகை கட்டிய மனிதனின் உருவத்தைக் கூடச் செதுக்கியிருக்கிறார்கள். விரல் நுனியளவே உள்ள அந்த முகத்தில் மூக்கும் மீசையும் தெளிவாகத் தெரிகின்றன. மாணவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது அதைத்தான்.

குறை கடையாரில், அதாவது கப்பலின் பின்பகுதியில், இருக்கிறது. பக்கத்துக்கு 14 துளைகள் கொண்ட பீரங்கித் தளமும் அதற்கு மேலுள்ளவையுமாக, 1817இல் இருந்தபடி 46 பீரங்கிகளைப் பொருத்தியிருக்கிறார்கள். ஆனால் கடையாரோ வளைந்த வடிவில் இருக்கிறது. 1845 முதல் நடந்த மாற்றங்களின்போதுதான் கடையார் அவ்வாறு வளைத்துக் கட்டப்பட்டது. அப்போது பீரங்கிகளின் எண்ணிக்கையும் 26 ஆகக் குறைக்கப்பட்டது. ஹார்ட்டில்பூலில் நிற்கும் கப்பலின் படங்களைப் பார்த்துக் கடையாரையும், பழைய விவரங்களைப் பார்த்துப் பீரங்கிகளையும் செய்திருப்பார்கள் போலும். பார்வைக்கு வைப்பதற்கு மட்டும் வாங்குபவருக்கு இது பெரிய விடயமல்ல. வரலாறு கற்பிக்க வாங்குபவருக்கு இது முக்கியமானது.

இதைவிடப் பெரிய பிழை மாதிரியுடன் தரப்படும் தகவல் அட்டையில் உள்ளது. 'திருகோணமலையில் கட்டப்பட்ட கப்பல்' என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். கப்பல் கட்டப்பட்டது பம்பாயில். திருகோணமலை அதற்குப் பெயரைக் கொடுத்த துறைமுகம். ஒல்லாந்தரிடமிருந்த அத்துறைமுகத்தை 1782 ஜனவரியில் பிரித்தானியர் பிடித்தனர். அதே ஆண்டு ஓகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரென் அதைக் கைப்பற்றினார். சில நாட்களில், செப்டெம்பர் 3 அன்று, மீட்க வந்த பிரித்தானியத் தளபதி ஹியூஸின் கப்பல்களுக்கும் சஃப்ரெனின் கப்பல்களுக்கும் துறைமுகத்துக்கு வெளியே கடும் போர் நடந்தது. ஓராண்டுக்குள் இரு வல்லரசுகள் உயிரைக் கொடுத்துப் போட்டியிட்ட அந்த ஆழ்கடல் துறைமுகம் எங்கள் பிள்ளைகள் கோணேசர் கோயிலுக்குப் போகும்போது கண்ணால் காண்பது. அதைப் பற்றிய தவறான செய்தி அவர்கள் கையிலேயே கொடுக்கப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நாங்கள் அந்த அட்டையை அகற்றிவிட்டு, மேற்சொன்ன விவரங்களை எழுதி ஒட்டினோம்.

பட்டறையாரிடம் இதைச் சொன்னபோது பொறுமையாகக் கேட்டு, அடுத்த அச்சில் திருத்துவதாகக் கூறினார்கள். முன்கூட்டியே சொன்னால் கடையாரைச் சதுரமாகவும் செய்து தருவார்கள் என்பதால், 46 பீரங்கிகளுடன் வேண்டுபவர்கள் அப்படிக் கேட்டு வாங்குவது நல்லது. பாய்மரக் கயிறுகளுக்குப் பருத்தி நூலைப் பயன்படுத்தியுள்ளதால் வெயில் காலத்தில் சற்றுத் தளர்கின்றன, தூசும் விரைவில் படிகிறது. கண்ணாடிப் பெட்டிக்குத் தனியாகப் பணம் கொடுக்கவேண்டும். அதையும் சேர்த்தே வாங்குங்கள்.