தம்பி எக்மோவில் இருந்த 14 நாட்கள்: அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவைப் பற்றி

தம்பிக்கு இன்ஃப்ளுயன்சா முற்றி நிமோனியா ஆகிவிட்டது. வென்டிலேட்டரில் 100 சதவீத ஆக்ஸிஜன் வைத்தார்கள், மணிக்கணக்கில் குப்புறப் படுக்க வைத்தார்கள். திரையில் ரத்த ஆக்ஸிஜன் எண் 80ஐத் தாண்டவே இல்லை. ராத்திரி ஒன்றரை மணிக்கு என்னையும் அவன் மனைவியையும் கூப்பிட்டு, "எக்மோ போடணும், இதில் கையெழுத்துப் போடுங்க" என்றார்கள். உடம்புக்கு வெளியே வைத்து ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏற்றும் இயந்திரம் அது. ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை. ரத்தக்கசிவு வரலாம் என்று சொன்னது மட்டும் காதில் விழுந்தது. அந்தப் பிரிவின் மேல் எனக்குள்ள பெரிய குறை இதுதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இதனால் மூன்று நாள் வீணாகத் தவித்தோம். இயந்திரம் நுரையீரலைச் சரிசெய்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தோம். எக்ஸ்ரேயோ முன்பைவிட மோசமாக, இரண்டு பக்கமும் வெள்ளையாக இருந்தது. எல்லாம் முடிந்தது என்றே அவன் மனைவி நினைத்துவிட்டாள். நான்காம் நாள் ஓர் இளம் மருத்துவர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். எக்மோ எதையும் குணப்படுத்தாது. தொடையில் உள்ள பெரிய சிரையிலிருந்து ரத்தத்தை எடுத்து, கரியமில வாயுவை நீக்கி, ஆக்ஸிஜன் ஏற்றி, கழுத்துச் சிரை வழியாகத் திருப்பி அனுப்பும். அந்த வேலை வெளியே நடப்பதால் வென்டிலேட்டரின் அழுத்தத்தை நன்றாகக் குறைத்துவிடலாம். புண்பட்ட நுரையீரல் மேலும் அடிபடாமல் ஓய்வெடுக்கும். காற்றைக் குறைத்தால் எக்ஸ்ரே வெள்ளையாகத்தான் தெரியும். தம்பிக்கு இதயம் நன்றாக இருந்ததால் ரத்தத்தைச் சிரைக்கே திருப்பினார்கள். இதயமும் தளர்ந்திருந்தால் தமனிக்குள் செலுத்துவார்களாம். இவ்வளவையும் சொல்ல அவருக்குப் பத்து நிமிடம்தான் ஆனது. கையெழுத்து வாங்கிய கையோடு மறுநாள் காலையில் யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

மற்றபடி, கட்டிலருகே நின்றவர்களைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். ராத்திரி பகல் எந்நேரமும் ஒருவர் இயந்திரத்தின் பக்கத்தில் இருந்தார். நிமிடத்துக்கு நாலரை லிட்டர் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. பம்ப் மோட்டார் நின்றுபோனால் கையால் சுற்ற ஒரு கைப்பிடி, குழாயை அடைக்க நான்கு கிளாம்ப்கள், எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் மாட்டியிருந்தன. மணிக்கொரு தரம் பெர்ஃப்யூஷனிஸ்ட், அதாவது இயந்திரத்தைக் கவனிக்கும் நிபுணர், சின்ன டார்ச்சை எடுத்து, ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏறும் பாகமான ஆக்ஸிஜனேட்டரின் நான்கு மூலைகளிலும் அடித்துப் பார்ப்பார். ரத்தம் உறையாமல் இருக்க ஹெபரின் போய்க்கொண்டிருந்தும், ஒரு மூலையில் மிளகளவு கறுப்புப் புள்ளி தெரிந்தது. அதன் ஓரத்தைப் பேனாவால் வட்டமிட்டு, நேரம் எழுதி வைத்தார். வளர்கிறதா என்று பார்க்கத்தான். இது எத்தனை நாள் ஓடும் என்று அவரிடம்தான் கேட்டேன். 1971இல் இந்த முறையில் முதன்முதலாகப் பிழைத்த வயதுவந்தவர், விபத்தில் அடிபட்ட 24 வயது இளைஞர், 75 மணி நேரம் இருந்தார், இப்போது வாரக்கணக்கில் வைக்கிறோம் என்றார். எனக்கு அன்று அந்தப் பதில் பெரிய தெம்பு.

எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் குழாய்களின் நிறம். உடம்பிலிருந்து வருவது கறுஞ்சிவப்பு, திரும்பிப் போவது பளிச்சென்ற சிவப்பு. உள்ளே போனதும் அதைத்தான் பார்ப்பேன். ஒன்பதாம் நாள் திரும்பும் குழாயும் மங்கலாக இருந்தது. எனக்குக் கை நடுங்கியது. அதற்குள் அவர்களே கவனித்துவிட்டிருந்தார்கள். ஆக்ஸிஜனேட்டரில் உறைகட்டி பரவியிருந்தது. எங்களை வெளியே அனுப்பி, பழைய அமைப்பைக் கழற்றிப் புதியதை இணைத்தார்கள். திரும்பி வந்தபோது சிவப்பு வந்திருந்தது. இந்த முறை என்ன நடந்தது என்று நாங்கள் கேட்காமலே நர்ஸ் உட்கார வைத்துச் சொன்னார். அவருக்கு என் நன்றி.

உங்கள் வீட்டில் யாருக்காவது இதைப் போடுவதாகச் சொன்னால், எந்த உறுப்புக்காக, எதற்காகக் காத்திருக்கிறோம், எப்போது போதும் என்று முடிவெடுப்பீர்கள் என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். அவர்களாகச் சொல்லக் காத்திருக்காதீர்கள்.

பதினான்காம் நாள் உள்ளே போனால், இரண்டு குழாயும் ஒரே கறுஞ்சிவப்பு. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. பெர்ஃப்யூஷனிஸ்ட் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகத் திரையைக் காட்டினார். 96. "பம்ப் ஓடுதும்மா, ஆக்ஸிஜனை மட்டும் காலையிலேயே நிறுத்திட்டோம். இப்ப வேலை செய்யறது தம்பியோட நுரையீரல்தான்" என்றார். சாயந்திரம் வரை அந்த இரண்டு குழாயையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். நிறம் மாறவில்லை, எண்ணும் இறங்கவில்லை. மறுநாள் காலை குழாய்களை எடுத்துவிட்டார்கள்.