வேகத்தடையா, 30 பலகையும் அபராதமுமா? நெல்லைத் தெருக்களுக்கு எது நியாயம்

பாளை, பெருமாள்புரம், என்.ஜி.ஓ. காலனி பக்கம் ஒரு தெருவில் பைக் மோதி யாராவது விழுந்தால், அடுத்த திங்கள்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனு போகும். "எங்கள் தெருவில் வேகத்தடை அமைத்துத் தர வேண்டும்." வேறு எதையும் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அதே மனுவில், தெருவுக்கு மணிக்கு 30 கி.மீ. வரம்பு வைத்து, பலகை நட்டு, மீறுகிறவர்களுக்கு அபராதம் போடச் சொல்லியும் கேட்கலாம். எங்கள் தெரு மனுவில் போனது இந்த இரண்டாவதுதான். ஆகவே இதை நடுநிலை அலசல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

30 என்பது மாட்டுவண்டி வேகம் என்கிறவர்களுக்கு ஒரே ஒரு கணக்கு. காய்ந்த சாலை, நல்ல டயர், ஆளைப் பார்த்துப் பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 30-ல் வரும் கார் அந்த ஒரு விநாடியில் 8 மீட்டர் ஓடி, பிரேக் பிடித்த பின் இன்னும் 5 மீட்டரில் நின்றுவிடும். 50-ல் வரும் கார் அந்த ஒரு விநாடியிலேயே 14 மீட்டர் ஓடியிருக்கும். அதாவது முதல் கார் நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது கார் இன்னும் பிரேக்கைத் தொடவே இல்லை. பிள்ளை குறுக்கே வந்தால் முழு 50-ல் அடிக்கும். நேரம் எவ்வளவு போகிறது? இரண்டு கிலோமீட்டர் தெருவுக்கு 30-ல் நான்கு நிமிடம், 50-ல் இரண்டே கால் நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. "பையப் போலே" என்று வீட்டில் சொல்லி அனுப்புவதன் விலை அந்த ஒன்றரை நிமிடம். 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோம் உலக மாநாட்டுப் பிரகடனம், நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் வண்டிகளோடு கலக்கும் இடங்களில் 30-ஐக் கேட்டது. சென்னையில் 2023 நவம்பரில் வந்த வரம்புகளிலும் குடியிருப்புத் தெருக்களுக்கு 30 தான். ஆக எண்ணில் பெரிய சண்டை இல்லை. அந்த எண்ணை எதை வைத்துக் காப்பாற்றுவது என்பதில்தான் இருக்கிறது.

வேகத்தடையின் பலம் தெரிந்ததுதான். ராத்திரி இரண்டு மணிக்கும் வேலை செய்யும், கரண்ட் வேண்டாம், போலீஸ் வேண்டாம், யாரும் சிபாரிசு பிடிக்க முடியாது. பள்ளி வாசலிலும், சின்னத் தெரு பெரிய சாலையில் வந்து சேரும் முனையிலும் எனக்கும் வேகத்தடைதான் வேண்டும். அந்த இரண்டு இடங்களில் வாதமே இல்லை.

மற்ற இடங்களில் கோளாறு பராமரிப்பில் தொடங்குகிறது. இந்திய சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 வழிகாட்டியில் உள்ள வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரத்தில் வளைந்த மென்மையான மேடு. 25 கி.மீ. வேகத்தில் ஏறி இறங்கினால் உடம்பு நோகாது. 40 மீட்டருக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை, மேட்டின் மேல் கறுப்பு வெள்ளைப் பட்டை எல்லாம் அதில் உண்டு. தெருவில் நமக்குக் கிடைப்பது என்ன? சாலை போட்டு மீந்த தார்க்கலவையை ஒரு மீட்டர் அகலத்துக்குக் கொட்டி, மண்வெட்டியால் தட்டி, அரை அடி உயரத்தில் ஒரு வரப்பு. உயரம் பிரச்சினையில் பாதிதான். அகலம் குறைந்தால் சரிவு செங்குத்தாகிவிடும், 10 செ.மீ. மேடே ஒரு மீட்டர் அகலத்தில் இருந்தால் 15 கி.மீ. வேகத்தில்கூடத் தூக்கிப் போடும், ஆள் ஏற்றிய காரின் அடிப்பாகம் உரசும்.

சரியாகவே போட்டாலும் மூன்று விதத்தில் கெடும். முதலாவது பெயின்ட். சாதாரண பெயின்ட் பஸ் ஓடும் சாலையில் ஆறு மாதம் தாங்கினால் அதிகம். சூடாக்கி ஒட்டும் தெர்மோபிளாஸ்டிக் பட்டை, கண்ணாடி மணி தூவியது, அதைவிடப் பல மடங்கு நிற்கும். ஆனால் தெருவுக்குள் அதை யார் போடுகிறார்கள்? பெயின்ட் போன வேகத்தடை இருட்டில் வெறும் பொறி. பின்னால் உட்கார்ந்து வரும் பெண் தூக்கி எறியப்படுவது இந்த மாதிரி மேட்டில்தான்.

இரண்டாவது தண்ணீர். மேடு சாலையின் ஓரம் வரை போனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் அது ஒரு குட்டி அணைக்கட்டு. தண்ணீர் தேங்கும் பக்கத்தில் தார் ஊறி, ஜல்லி பெயர்ந்து, மேட்டுக்கு முன்னால் பள்ளம் விழும். இறங்கும் பக்கத்தில் லாரிச் சக்கரம் தொப்பென்று விழுந்து இன்னொரு பள்ளம். தண்ணீருக்காக ஓரத்தில் இடைவெளி விட்டால், பைக்காரர் எல்லோரும் அந்த இடைவெளிக்கு ஒதுங்குவார்கள். அதாவது நடக்கிறவர்கள் மேலேயே வருவார்கள். தைமாதம் வரை பொறுத்து ஒட்டுப் போட்டால், ஒட்டுப் போட்டவர் வேகத்தடையின் வளைவைப் பார்க்க மாட்டார்.

மூன்றாவது, சாலையை மறுபடி போடும்போது. ஒன்று மேட்டைச் சுரண்டிவிட்டுத் திரும்பக் கட்டமாட்டார்கள். அல்லது இருந்த மேட்டுக்கு மேலேயே ஒரு அடுக்கு ஏற்றிவிடுவார்கள். ரப்பர் துண்டுகளை போல்ட் அடித்துப் பொருத்தும் வகை இன்னும் மோசம்: துண்டு உடைந்து போனதும் போல்ட் தலை மட்டும் சாலையில் நீட்டிக்கொண்டு நிற்கும். டயர் கடைக்காரருக்குத்தான் லாபம்.

நியாயம் என்று பார்த்தாலும் வேகத்தடை தோற்கிறது. அது குற்றவாளியையும் குற்றமற்றவரையும் ஒரே தட்டில் வைக்கிறது. 60-ல் பறக்கிற பையனுக்குக் கிடைக்கும் அதே குலுக்கல், 20-ல் போகும் டி.வி.எஸ். 50 தாத்தாவுக்கும், மினி பஸ் கடைசி சீட்டில் இருக்கும் மாசமான பெண்ணுக்கும், ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு எலும்பு முறிந்தவரை ஏற்றிவரும் 108-க்கும். ஆம்புலன்ஸுக்கு ஒரு மேட்டில் மூன்று நான்கு விநாடிதான் போகும். பத்து மேடு என்றால் அரை நிமிடத்துக்கு மேல். அதைவிட உள்ளே படுத்திருப்பவர் படும் பாடு பெரிது. மேல்முறையீடும் கிடையாது. முதுகெலும்பு யாரிடம் போய் முறையிடும்?

அபராதமோ மீறினவரை மட்டும் பிடிக்கிறது, எவ்வளவு மீறினார் என்று எழுதிக் கொடுக்கிறது, மறுத்துப் பேசவும் இடம் தருகிறது. 2019 திருத்தத்துக்குப் பிந்தைய மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-வது பிரிவில், கார் போன்ற இலகு வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய், பஸ், லாரி போன்ற நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய். மறுபடி மாட்டினால் ஓட்டுநர் உரிமத்தைப் பிடித்துவைக்கலாம். அதே பிரிவில் பலரும் கவனிக்காத இரண்டு வரிகள் உண்டு. ஒன்று: ஓட்டியவரை மட்டுமல்ல, சம்பளத்துக்கு வைத்த டிரைவரை வேகமாக ஓட்டச் செய்த முதலாளியையும் அது பிடிக்கும். நேரம் பிந்தினால் டிரைவரைக் கடிந்துகொள்ளும் வண்டி உரிமையாளர்கள் இதைப் படித்து வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று: ஒரு சாட்சி "வேகமாத்தான் வந்தான்" என்று சொன்னால் மட்டும் தண்டிக்க முடியாது, கருவி அளந்த வேகமும் வேண்டும்.

கருவியைப் பற்றிய சந்தேகங்களில் பாதி தேவையில்லாதவை. சாலைக்கு ஓரமாக நின்று சாய்வாகப் பிடித்தால் வேகம் குறைவாகத்தான் பதியும். 10 டிகிரி சாய்வில் 60-ஐ 59 என்று காட்டும், 20 டிகிரியில் 56. லாபம் ஓட்டுநருக்கே. வண்டியின் ஸ்பீடோமீட்டரும் பொதுவாக உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டும். கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் மாட்டியவர்களுக்கு மட்டும் இது தலைகீழ். மீதிப் பாதி சந்தேகம் நியாயமானது. ரேடார் கற்றை அகலமானது. ஒரே நேரத்தில் பஸ்ஸும் பைக்கும் வந்தால் எதன் வேகம் என்று குழம்பலாம். லேசர் கற்றை 300 மீட்டர் தூரத்தில்கூடச் சுமார் ஒரு மீட்டர்தான் விரியும் என்பதால், ஷேர் ஆட்டோவும் பைக்கும் பின்னிப் பிணைந்து வரும் நம்ம சாலைக்கு லேசர்தான் சரி. கருவிக்கு வருடா வருடம் ஒப்புதல் சான்று புதுப்பிக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-ல் வந்த 167ஏ விதி சொன்னது. படம், நம்பர் பிளேட், அளந்த வேகம், இடம், நேரம் எல்லாம் அறிவிப்பில் இருக்க வேண்டும். அறிவிப்பு 15 நாளுக்குள் சேர வேண்டும் என்றும் அது வைத்தது. சலான் வந்தால் தொகையைப் பார்க்குமுன் படத்தைப் பாருங்கள். நம்பர் உங்களுடையது, வண்டி வேறு என்றால் போலி நம்பர் பிளேட். உடனே எழுத்தில் புகார் கொடுங்கள்.

ஆனால் அபராதத்துக்கும் பராமரிப்பு உண்டு, அதன் நியாயம் முழுவதும் அதில்தான் நிற்கிறது. சட்டத்தின் 112-வது பிரிவு, வழக்கமான உச்ச வரம்பைவிடக் குறைவாக ஒரு சாலைக்கு வைக்க வேண்டுமானால் அரசிதழ் அறிவிக்கையும் வேண்டும், பொருத்தமான இடத்தில் பலகையும் வேண்டும் என்கிறது. 2018 ஏப்ரலில் வந்த மத்திய அறிவிக்கை நகர எல்லைக்குள் வைத்த பொது வரம்பு காருக்கு 70, பைக்குக்கு 60, ஆட்டோவுக்கு 50. பலகை இல்லாத தெருவில் 45-ல் போனவருக்குச் சலான் வந்தால், "எந்த அறிவிக்கைப்படி?" என்று அவர் கேட்கலாம், கேட்க வேண்டும். பலகை இருந்து, அதன் மேல் கட்சிப் போஸ்டரோ கண்ணீர் அஞ்சலியோ ஒட்டியிருந்தால் தேதியோடு ஒரு படம் எடுத்து வையுங்கள். நல்ல ஒளி திருப்பும் தாள் ஏழு முதல் பத்து வருஷம் வரும். பலகையைக் கொல்வது வெயிலைவிடப் பசைதான்.

இன்னொரு பராமரிப்பு வீட்டில் இருக்கிறது: ஆர்.சி. புத்தகம். வண்டியை விற்று 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். பெயர் மாறும் வரை சலான் உங்களுக்குத்தான் வரும். மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். பழைய கைப்பேசி எண் ஆர்.சி.யில் இருந்தால் குறுஞ்செய்தி யாருக்கோ போகும், உங்களுக்கு வழக்கு நீதிமன்றம் போன பிறகுதான் தெரியும். மேலப்பாளையத்தில் வண்டி வாங்கி வள்ளியூரில் விற்று, அங்கிருந்து நாகர்கோவில் போன பைக்குகளுக்கு இது அன்றாட வழக்கம்.

அபராதத்தில் எனக்கு உறுத்துவது தொகைதான். ஆயிரம் ரூபாய் என்பது பீடி சுற்றும் வீட்டில் பல நாள் கூலி. பெரிய கார்க்காரருக்கு ஒரு ஹோட்டல் பில். பின்லாந்தில் வருமானத்துக்குத் தக்கபடி அபராதம்: 2023-ல் அங்கே ஆலந்துத் தீவில் 50 சாலையில் 82-ல் போன ஒரு தொழிலதிபருக்கு 1,21,000 யூரோ விழுந்தது. நம் ஊரில் வருமானத்தை எந்தக் காகிதத்தில் பார்ப்பது என்ற சிக்கலில் அது நடக்குமா என்பது சந்தேகமே. அதற்கு அடுத்தபடியாக நியாயமானது உரிமத்தைப் பிடித்துவைப்பது. உரிமம் ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒன்றுதான்.

போலீஸார் வசூலுக்காகத்தான் நிற்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு என்னிடம் எளிய சோதனை ஒன்று உண்டு. வேகம் அளக்கும் துப்பாக்கி நிற்கும் இடத்தில் யாராவது நடந்து கடக்கிறார்களா? ஈரடுக்கு மேம்பாலத்தின் இறக்கத்தில் நின்றால் எல்லோரும் மாட்டுவார்கள், அங்கே யாரும் குறுக்கே கடப்பதில்லை, அது வசூல். முருகன்குறிச்சியிலோ சமாதானபுரத்திலோ பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் நின்றால் பத்துப் பேர்தான் மாட்டுவார்கள், அதுதான் பாதுகாப்பு. வரம்பும் சாலைக்குப் பொருந்த வேண்டும். நான்குவழிச் சாலையின் அகலத்தில் 30 என்று எழுதி வைத்தால் அது யாரையும் காப்பாற்றாது. வேல்ஸ் நாட்டில் 2023 செப்டம்பர் 17 அன்று ஊர்ச் சாலைகளின் பொது வரம்பை மணிக்கு 20 மைலாக, நம் கணக்கில் 32 கி.மீ. ஆக, இறக்கினார்கள். 4 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் கையெழுத்து எதிராக விழுந்தது. பின்னர் சில சாலைகளைப் பழைய வரம்புக்கே திருப்பவும் வழி விட்டார்கள். நம் பக்கம் தென்காசி சாலையையும் ரத வீதியையும் ஒரே எண்ணில் கட்டினால் அதே கதைதான்.

இரண்டு கேமராக்களுக்கு இடையே எடுத்த நேரத்தை வைத்துச் சராசரி வேகம் பார்க்கும் முறையில் எனக்குப் பாதி மனசுதான். நான்குவழிச் சாலைக்கு அருமையானது. தெருவில், நடுவே டீ குடிக்க நிற்பவர் 60-ல் பறந்தாலும் தப்பிவிடுவார்.

மனு எழுதுகிறவர்களுக்கு: முதலில் சாலை யாருடையது என்று பாருங்கள், மாநகராட்சியா, நெடுஞ்சாலைத் துறையா என்று. தேசிய நெடுஞ்சாலை என்றால் வேகத்தடை கேட்பதே வீண். இருப்பதையே எடுக்கச் சொல்லி 2016-ல் மத்திய அமைச்சகம் சுற்றறிக்கை விட்டது. மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு நகல் கொடுங்கள். 30 வரம்புக்கான அறிவிக்கையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், பலகையை மட்டும் கேட்காதீர்கள். அறிவிக்கை இல்லாத பலகை அலங்காரம். தெருவின் இரு முனையிலும் உள்ளே வரும் ஒவ்வொரு சந்திலும் ஒன்று, ஏழடி உயரத்தில், மின் கம்பத்தில் கட்டாமல் தனிக் குழாயில். வேப்பமரத்துக்கு இப்பால் வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வருஷத்தில் கிளை இறங்கி எண்ணை மறைத்துவிடும், அப்புறம் கிளை வெட்ட இன்னொரு மனு.