மார்பகம் எடுத்த பிறகு: சிலிக்கோனா, சொந்தத் தசையா, துணியா, ஒன்றும் வேண்டாமா?

போரில் பலர் கால் இழந்த வன்னியில் செயற்கைக் கால் பற்றி யாரும் கூச்சப்படாமல் கதைப்பார்கள். எங்கே செய்தது, சேற்றுக்குள் இறங்கலாமா, எப்போது மாற்ற வேண்டும் என்று தேநீர்க் கடையிலேயே கேட்கலாம். புற்றுநோயால் மார்பகத்தை இழந்த பெண்ணுக்கும் இதே கேள்விகள் உண்டு. ஆனால் கேட்க ஆளில்லை. இலங்கைப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் இதுதான் என்பதால், இருக்கும் வழிகளை வெளிப்படையாகவே ஒப்பிட்டுப் பார்ப்போம்.

பலருக்கு முதலில் நினைவு வருவது உள்ளே வைக்கும் சிலிக்கோன் பை. 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் டிம்மி ஜீன் லின்ட்சி என்ற பெண்ணுக்குத்தான் முதன்முதலில் அதை வைத்தார்கள். அவர் ஆஸ்பத்திரிக்குப் போனது மார்பில் குத்தியிருந்த பச்சையை அழிக்க. பையை வைத்துப் பார்க்கலாமே என்ற யோசனை வைத்தியர்களுடையது. 1976இல் மருத்துவக் கருவிகளுக்குச் சட்டம் வந்தபோதும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தது என்று இதை அப்படியே விட்டுவிட்டார்கள். 1982இல் அந்நாட்டு பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர்களின் சங்கம், சிறிய மார்பகத்தையே ஒரு நோய் என்று அரசுக்கு எழுதியது. எனக்கு இன்றும் கோபம் வரும் இடம் இதுதான்: விற்க ஒரு பொருள் கையில் இருந்ததால், சுகமாக இருந்த பெண்ணின் உடம்பு குறையுள்ளதாகிவிட்டது.

1992இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அழகுக்காக வைப்பதை நிறுத்தியது. மார்பகம் இழந்தவர்களுக்கு மட்டும் நிபந்தனையோடு விட்டுவைத்தது. வழக்குகள் குவிந்து, 1995இல் பைகளைச் செய்துவந்த டவ் கோர்னிங் நிறுவனம் திவாலானது. 1999இல் வந்த பெரிய ஆய்வறிக்கை, சிலிக்கோன் உடம்பு முழுவதையும் தாக்கும் நோய்களைத் தருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. ஆனால் பை கிழிவதும், அதைச் சுற்றித் தழும்பு இறுகுவதும், திரும்பத் திரும்பச் சத்திரசிகிச்சை தேவைப்படுவதும் உண்மை என்றும் அதே அறிக்கை சொன்னது. 2006இல் தடை நீங்கியது. பிறகு 2010இல், பிரான்சின் பிப் நிறுவனம் மருத்துவத்துக்கு ஆகாத தொழிற்சாலைச் சிலிக்கோனை அடைத்து விற்றது அம்பலமானது. 2019இல், அரிய வகை நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்பு தெரிந்து, அலர்கன் நிறுவனத்தின் சொரசொரப்பான மேற்பரப்புள்ள பைகள் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டன.

சரி, அப்படியானால் சிலிக்கோனே கூடாதா? அப்படிச் சொல்லமாட்டேன். விபரம் முழுக்கத் தெரிந்து விரும்புகிறவருக்கு அது அவருடைய உரிமை. ஆனால் அது ஆயுள் முழுக்க நிற்கும் பொருளல்ல. கிழிந்தாலும் பெரும்பாலும் வெளியே தெரியாது என்பதால் சில வருடங்களுக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்யச் சொல்வார்கள். போரில் பாய்ந்த செல் குண்டின் துண்டோடு வாழ்பவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர்! எம்.ஆர்.ஐ. காந்தத்துக்குள் இரும்புத் துண்டு அசையக்கூடும். வெளிநாட்டுப் பிரசுரங்களில் பெரிதாக எழுதப்படாத இந்த விஷயம் இங்கே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ தசை எடுத்துச் செய்யும் மார்பகத்தில் அந்நியப் பொருள் இல்லை. உடம்போடு சேர்ந்தே அதுவும் மூப்படையும். ஆனால் நீண்ட சத்திரசிகிச்சை, இரண்டு இடத்தில் காயம். கிணற்றில் தண்ணி அள்ளி, தோட்டம் கொத்திப் பிழைப்பவருக்கு முதுகுத் தசையும் வயிற்றுத் தசையும் சும்மா கிடப்பவையல்ல.

மூன்றாவது வழி வெளியே அணிவது. பார்பி பொம்மையை உருவாக்கிய ரூத் ஹான்ட்லர், 1970இல் தன் மார்பகத்தை இழந்தபின், கிடைத்தது எதுவும் சரியாக இல்லையென்று தானே நல்லதொன்றைச் செய்து விற்றார். சிலிக்கோனில் செய்த வெளி மார்பகம் பார்வைக்கு நன்றாக இருக்கும், பாரமும் ஒத்துவரும். ஆனால் பங்குனி சித்திரை வெயிலில் கீழே வியர்த்து அரிக்கும், விலையும் அதிகம்.

அதனால் நான் முதலில் சொல்வது துணி. கிளிநொச்சியில் எனக்குத் தெரிந்த தையல்கார அக்கா பழைய பருத்திச் சேலையில் செய்துகொடுக்கிறார். வட்டமாக வெட்டிய இரண்டு துண்டு, உள்ளே பஞ்சு, பின்பக்கம் ஒரு சின்னப் பை. காயம் ஆறும்வரை பஞ்சு மட்டும்தான். ஆறியபிறகு வைத்தியரைக் கேட்டுக்கொண்டு அந்தப் பைக்குள் கண்ணாடி மணிகள் போடுகிறார். பாரம் இல்லாவிட்டால் துணி மேலே ஏறிவிடும். பயறு போடக்கூடாது, தோய்த்தால் முளைக்கும். உள்ளாடையின் உட்புறம் ஒரு பொக்கெற் தைத்துவிட்டால் குனிந்து நாற்று நட்டாலும் விழாது.

ஒன்றுமே வைக்காமல் இருப்பதும் முழுமையான தெரிவுதான். அமெரிக்காவில்கூட ஒரு காலத்தில் காயம் ஆறுமுன்பே போலி மார்பகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வேண்டாம் என்ற பெண்கள் அதற்காகப் போராட வேண்டியிருந்தது. இங்கே சேலை முந்தானை மறைத்துவிடும், ஊர்வாயைத்தான் மறைக்க ஏலாது. "ஆக்கள் என்ன சொல்லுவினம்" என்பதற்காக ஒருத்தி கத்திக்குக் கீழே திரும்பப் படுக்கத் தேவையில்லை. புருஷனுக்காகவும் தேவையில்லை.

துணியை நாளைக்கே கழற்றி வைக்கலாம், உள்ளே வைக்கும் சிலிக்கோனையும் சொந்தத் தசையையும் அப்படி முடியாது. ஆகவே அவற்றைப் பற்றிய பேச்சு மார்பகம் எடுக்கும் முன்பே நடக்க வேண்டும். பிறகு கதிர்ச்சிகிச்சை வருமா என்று கேளுங்கள். வருமென்றால் சிலிக்கோனைச் சுற்றி இறுகும் ஆபத்து கூடும். செல் துண்டு இருந்தால், எந்த இடத்தில் என்று முதல் கிளினிக்கிலேயே சொல்லி, கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.