கோவில் ஏடா, வீட்டுப் பெட்டகமா, பத்திர அலுவலகமா? செட்டிநாட்டில் வம்சம் தேடுவோருக்கு ஓர் ஒப்பீடு

செட்டிநாட்டில் வம்சம் தேடுகிறவருக்குப் பெயர் கிடைக்கவில்லையே என்ற கவலை கிடையாது. ஒரே பெயர் திரும்பத் திரும்பக் கிடைப்பதுதான் தலைவலி. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டில் தலைமகனுக்கு அப்பச்சியைப் (தந்தையைப்) பெற்ற ஐயாவின் (தாத்தாவின்) பெயர். அடுத்தவனுக்கு ஆத்தாளைப் பெற்ற ஐயாவின் பெயர். லெட்சுமணன் என்பவருக்கு மகன்கள் நால்வர் என்றால் நால்வரின் தலைமகனும் லெட்சுமணன். இரண்டு தலைமுறை தள்ளினால் மறுபடியும் லெட்சுமணன். ஒரே வளவில் (பங்காளிகள் பங்கிட்டு வாழும் பெரிய வீட்டில்), ஒரே காலத்தில், மூன்று லெட்சுமணன்கள் இருந்திருக்கலாம்.

ஆகவே எந்த ஆவணத்தைக் கையில் எடுத்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது எந்த லெட்சுமணன் என்று பிரித்துச் சொல்லுமா? கீழே உள்ளவற்றை அந்தத் தராசில் வைத்தே நிறுத்திருக்கிறோம். அழகும் பழமையும் வேறு கணக்கு.

கோவில் ஏட்டிலிருந்து தொடங்கலாம். எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோவில், இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்ற ஒன்பதில் ஒன்று உங்கள் கோவில். திருமணமான ஆண் ஒரு புள்ளி. கோவில் மாலை வந்தால்தான் கல்யாணம் கோவில் கணக்கில் ஏறும். அதனால் புள்ளிக் கணக்கில் விடுபட்டவர்கள் குறைவு. ஊர்வாரியாக, பிரிவுவாரியாக இருப்பதால் தேடுவதும் எளிது. பங்காளிகள் யார் யார், எந்த ஊரில் எத்தனை வீடு என்பதற்கு இதை மிஞ்சியது இல்லை.

ஆனால் இது ஆண்களின் பட்டியல். பெண் கல்யாணமானதும் கணவன் கோவிலுக்குப் போய்விடுகிறாள். பிறந்த வீட்டு வரிசையில் அவளுக்கு இடமில்லை. கல்யாணத்துக்கு முன் இறந்த பிள்ளைகளும் இல்லை. நம் கேள்விக்கு வந்தால், ஏடு தருவது விலாசம் மட்டுமே, அதாவது பெயருக்கு முன் நிற்கும் முன்னோரின் தலைப்பெழுத்துகள். அதைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தால் நிறையச் சொல்லும், தெரியாவிட்டால் குழப்பும். ‘பழ. லெ. சித. லெட்சுமணன்’ என்றிருக்கிறது என்று வையுங்கள். பழனியப்பன் மகன் லெட்சுமணன், அவர் மகன் சிதம்பரம், அவர் மகன் நம்மாள். இங்கே ஒரு சங்கதி ஒளிந்திருக்கிறது. சிதம்பரம் தலைமகனாக இருந்தால் அவர் பெயர் பழனியப்பன் என்றல்லவா இருக்க வேண்டும்? ஆக அவர் இளையவராக இருக்கலாம், சுவீகாரம் வந்தவராகவும் இருக்கலாம். இளையவர் என்றால் அவருடைய தாய்வழி ஐயாதான் சிதம்பரமாக இருக்கக்கூடும். பெண் எடுத்த வீட்டுக்கு ஒரு நூல் பிடித்தாயிற்று.

கோவில் கணக்கு இன்னொரு வேலைக்கும் உதவும்: தப்பைப் பிடிக்க. பிள்ளையார்பட்டியும் இரணியூரும் சகோதரக் கோவில்கள். அவற்றுக்குள் கொள்வினை கொடுப்பினை இல்லை. நீங்கள் வரைந்த மரத்தில் அப்படி ஒரு கல்யாணம் வந்தால், எங்கோ ஓர் எழுத்தைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள் என்று பொருள்.

முன்னோருக்குப் படையல் இடும் படைப்பு வீட்டையும் இதே வகையில் சேர்க்கலாம். படைப்புக்கு எந்தெந்த வீட்டில் வரி வாங்கினார்கள் என்ற நோட்டு இருந்தால், ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்த கிளைகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். கோவில் ஏட்டைவிடச் சிறிய வட்டம். அதனாலேயே நெருக்கமான விடை தரும்.

அடுத்தது வீட்டுப் பெட்டகம். நம் ஓட்டு இதற்குத்தான், அதிலும் குறிப்பாக இசைகுடிமானத்துக்கு. கல்யாணத்தன்று எழுதும் இந்த ஒரு தாளில் தேதி, இரு வீட்டார் பெயர், ஊர், கோவில் எல்லாம் ஒன்றாக நிற்கின்றன. கோவில் ஏடு விட்டுவிட்ட ஆச்சி இங்கே அப்பச்சி பெயரோடும் பிறந்த ஊரோடும் வருகிறாள். லெட்சுமணன் மூவர் இருந்தாலும் மூவரும் ஒரே வீட்டில் பெண் எடுத்திருக்க மாட்டார்கள்; மனைவியின் ஊரை வைத்தே பிரித்துவிடலாம். சீர் சாமான் பட்டியலும் மொய் ஏடும் கூட இருந்தால் உறவின் தூரம்கூடத் தெரியும்.

கணக்கு நோட்டுகள் வேறு ரகம். குறிப்பேடு, பேரேடு, சிட்டை, ஐந்தொகை என்று மூட்டை மூட்டையாகப் பரணில் கிடக்கும். செய்தி வளத்தில் இவற்றுக்கு இணையே இல்லை. படிக்க எடுக்கும் நேரத்திலும் இணையில்லை. முதல் தடை எண்கள். பழைய கணக்கில் ௧, ௨, ௫, ௭, ௮ எல்லாம் க, உ, ரு, எ, அ என்ற எழுத்துகளைப் போலவே இருக்கும். பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. ஆக ௲௯௱௨௰௩ என்பது 1923. ௵ வருடம், ௴ மாதம், ௳ தேதி, ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி. இந்த ஆறு குறியையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதி நோட்டு திறந்துவிடும். தொகை ரூபாய், அணா, பையில் இருக்கும்: 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஓர் அணா. பின்னங்களைப் பற்றி முதல் நாளே கவலைப்பட வேண்டாம். வம்சத்துக்கு மாகாணியும் முந்திரியும் தேவையில்லை.

இரண்டாம் தடை வருடப் பெயர். ‘தாது ௵’ என்று மட்டும் இருந்தால் அது 1816ஆகவும் இருக்கலாம், பஞ்சத்துக்குப் பேர்போன 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். அறுபது வருட வித்தியாசம் என்பது ஏறக்குறைய இரண்டு தலைமுறை. அதாவது தாத்தா லெட்சுமணனையும் பேரன் லெட்சுமணனையும் மாற்றிப்போட இதைவிடத் தோதான பொறி கிடையாது. தாளின் தரம், முத்திரைத் தாளில் உள்ள மன்னர் தலை, அதே நோட்டில் வேறு பக்கத்தில் உள்ள ஆங்கிலத் தேதி, இவற்றில் ஏதாவது ஒன்று துணை நின்றால்தான் வருடத்தை எழுதுங்கள்.

மூன்றாவது, விலாசம். நோட்டு அட்டையில் இருப்பது கடையின் விலாசம். ஆளின் தலைப்பெழுத்து அல்ல. பாகம் பிரிந்த பிறகும் பழைய மார்க்காவிலேயே கடை நடத்தியவர்கள் உண்டு. அட்டையை மட்டும் பார்த்து ஒருவரை இன்னொருவர் மகன் என்று எழுதிவிட்டால் மரம் கோணிவிடும். வெளிநாட்டுக் கடைக்கு மேலாளாக (பொறுப்பாளராக) போனவரின் சம்பளச் சீட்டு கிடைத்தால் இந்தக் குழப்பம் தீரும். வழக்கமாக மூன்று வருடத் தவணை. யார், எந்த ஊர்க்காரர், எந்தக் கடைக்கு, என்று தொடங்கி என்று முடிகிறது எல்லாம் அதில் இருக்கும்.

பாத்திரங்களை மறக்க வேண்டாம். பித்தளைத் தவலையின் கழுத்தில் வெட்டிய எழுத்துகளும் ஒருவகைச் சாசனம்தான். ஆனால் வீட்டோடு வந்த பாத்திரம் மட்டுமே சாட்சி. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கிவந்து முகப்பில் வைத்த அண்டா யார் வீட்டு ஐயாவையோ சொல்லும்.

பெட்டகத்தின் பெரிய குறை, அது உங்களுடையது மட்டும் அல்ல என்பது. வளவு வீட்டில் ஒவ்வொரு அறையும் ஒரு பங்கு. நான்கு பங்காளி சம்மதித்தால்தான் ஒரு பூட்டு திறக்கும். ஆனால் அந்த அறை வரிசையே ஒரு வம்சாவளி. எந்த அறை யாருடையது என்று கேட்டு வீட்டின் படத்தில் குறித்தாலே ஐயா காலத்துச் சகோதரர்கள் எத்தனை பேர் என்பது வெளிவந்துவிடும். லெட்சுமணன்கள் மூவரும் மூன்று அறையில் தனித்தனியே நிற்பார்கள். வீடு விற்று மரத்தூண் கழற்றப்படும்போது காகிதம் எடைக்குப் போகிறது. எனவே மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் படம் பிடியுங்கள். ஜன்னலோர வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், பக்கத்துக்கு ஒரு படம். அட்டையையும் வெற்றுப் பக்கத்தையும் சேர்த்தே எடுங்கள். ராமபாணப் பூச்சி அரித்த தாளை லேமினேட் செய்யாதீர்கள். பிறகு எவராலும் அதைச் செப்பனிட முடியாது.

பத்திர அலுவலகம் வறட்சியான இடம்தான், ஆனால் தேதி விஷயத்தில் பொய் சொல்லாது. பதிவான பத்திரத்தில் ஆள், தந்தை பெயர், ஊர், தேதி நான்கும் இருக்கும். பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று கிடைத்தால் ஒரு தலைமுறையின் மொத்தச் சகோதரர்களும் வரிசையாக வந்து கையெழுத்துப் போடுவார்கள். சொத்து பிதிரார்ஜிதமா (முன்னோர் வழி வந்ததா) சுயார்ஜிதமா (தானே சம்பாதித்ததா) என்ற ஒரு சொல்லே பணம் எந்தத் தலைமுறையில் வந்தது என்று காட்டிவிடும். ஊர் வரலாறு எழுதுகிறவர்களுக்கு நான்கெல்லை விவரம் புதையல்: வடக்கே இன்னார் வீடு, கிழக்கே இன்ன ஊருணிக்குப் போகும் பாதை. ஒரே தெருவின் பத்துப் பத்திரங்களின் எல்லைகளை ஒட்டினால் அந்தக் காலத்துத் தெருவே எழுந்து நிற்கும்.

இணையத்தில் வில்லங்கச் சான்று பொதுவாக 1975க்குப் பிந்தியதுதான். அதற்கு முன்னால் போக, கைவசம் உள்ள மூலப் பத்திரத்தின் எண்ணையும் ஆண்டையும் வைத்துச் சார்பதிவகத்தில் நகல் மனுப் போட வேண்டும். அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் முதல் புத்தகத்தின் நகலை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். உயில்களும் சுவீகாரம் எடுக்கக் கொடுத்த அதிகாரங்களும் மூன்றாம் புத்தகம். எழுதியவர் காலமான பிறகு அதன் நகலும் கேட்பவருக்குக் கிடைக்கும். அது செட்டிநாட்டில் சாதாரண விஷயமல்ல. பிள்ளை கூட்டுதல் இங்கே அவ்வளவு வழக்கம். சிறுகூடல்பட்டியில் முத்தையாவாகப் பிறந்த கண்ணதாசன் காரைக்குடிக்குச் சுவீகாரம் போய் நாராயணன் ஆனார். புகழ் பெற்றவர் என்பதால் நமக்குத் தெரிகிறது. உங்கள் மரத்தில் திடீரென முளைக்கும் பெயரும் அப்படி வந்ததாக இருக்கலாம்.

எந்த அலுவலகம் என்பதில்தான் பலர் நாள்களை இழக்கிறார்கள். தேவகோட்டை, காரைக்குடி, பள்ளத்தூர் பக்கம் ஜமீன் நிலம். 1910இல் ராமநாதபுரம் மாவட்டம், 1985இல் சிவகங்கை. பழைய ராமநாதபுரம் மாவட்டத்தின் தலைமையிடம் 1985 வரை மதுரையிலேயே இருந்தது. ராயவரம், அரிமளம், பொன்னமராவதி பக்கமோ 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம். வேறு அரசு, வேறு நீதிமன்றம், வேறு பதிவேடு. பெண் கொடுத்து எடுத்த இரு ஊர்களுக்கு இடையே பத்து மைல்கூட இருக்காது, காகிதம் இரண்டு அரசாங்கத்தில் கிடக்கும்.

ஊருக்கு வெளியே உள்ளவற்றில் மூன்றுக்கு மட்டும் நேரம் கொடுக்கலாம். உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் முதலாவது: சொத்துப் பிரிவினை, சுவீகார வழக்குகளில் வம்சாவளியைத் தீர்ப்பிலேயே எழுதியிருப்பார்கள். ‘இந்தியன் கானூன்’ தளத்தில் இலவசமாகத் தேடலாம். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தொகுப்பு அடுத்தது. இரண்டிலும் ஆங்கிலத் தலைப்பெழுத்தில் தேட வேண்டும். ராம. அங்கே ஆர்.எம். ஆகும், பழ. பி.எல். ஆகும், சித. சி.டி. ஆகும். இரண்டு எழுத்தும் ஒரே ஆள். இரண்டு தலைமுறை என்று எண்ணினால் மரத்தில் இல்லாத தாத்தா ஒருவர் வந்து உட்காருவார். செட்டி, சிட்டி, செட்டியார் மூன்று எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். பர்மாக் கடைக் கணக்குகளைப் பொறுத்தவரை பேராசை வேண்டாம். 1942இல் நடந்தும் கப்பலேறியும் வந்தவர்கள் கொண்டுவந்தது கொஞ்சமே. ஊருக்கு அனுப்பிய நகலும் கடிதமும்தான் மிச்சம், அவை மறுபடியும் அதே பெட்டகத்தில்.

மூன்றாவது, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒருவர் சேர்த்ததே அதன் அடித்தளம் என்பதால் கல்யாண அழைப்பிதழ், துண்டறிக்கை, கடிதம் என்று வேறெங்கும் காணாத வகைகள் அங்கே உண்டு. 1920களில் காரைக்குடியிலிருந்து வந்த ‘ஊழியன்’, ‘குமரன்’ இதழ்கள் ஊர்ச் சண்டை, சீர்திருத்தம், விளம்பரம் என்று அந்தக் காலத்தை உயிரோடு காட்டும். நம் கேள்விக்கு நேரடி விடை அபூர்வம்.

கல்வெட்டு தேடிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையார்பட்டிக் குடைவரையின் எழுத்து ஊரின் வயதைச் சொல்லும். உங்கள் ஐயாவின் ஐயாவைச் சொல்லாது. ஊர் வரலாற்றுக்கு முதலிடம், குடும்பத்துக்குக் கடைசி இடம்.

இவ்வளவும் நகரத்தார் வீடுகளுக்கு. அதே ஊரில் ஆசாரி வீடு, கொத்தனார் வீடு, வல்லம்பர் வீடு என்றால் வரிசை அடியோடு மாறும்: புள்ளிக் கணக்கு இல்லை, இசைகுடிமானம் இல்லை. அங்கே முதல் கதவு பத்திரமும் பட்டாவும், பழைய பள்ளிக்கூடத்தின் சேர்க்கைப் பதிவேடும், கிராம முன்சீப் காலத்துப் பிறப்பு இறப்புப் பதிவும். வீடு கட்டிய ஆசாரிகளின் பெயரை நகரத்தார் வீட்டுக் கட்டுமானச் சிட்டையில் தேடுங்கள். கூலி வாங்கியவர் பெயரும் ஊரும் நாள்வாரியாக அங்கேதான் இருக்கும்.

மூன்று நாள் விடுப்பில் ஊருக்கு வருகிறீர்கள் என்றால்: முதல் நாள் முழுக்க வீடு, அறை வரிசை, இசைகுடிமானம், நோட்டு அட்டைகளின் படம். இரண்டாம் நாள் காலை கோவில் அலுவலகம், பிற்பகல் வயதான ஆச்சிமார். ‘உங்கள் மாமனார் பேர் என்ன?’ என்று கேட்டால் சட்டென்று சொல்ல மாட்டார்கள். ‘எந்த அறையில் இருந்தார்கள், பெண் எந்த ஊர்?’ என்று கேளுங்கள். மூன்றாம் நாள் சார்பதிவகத்தில் மனு. அது வேலை நாளாக இருக்கட்டும். பொங்கலுக்கு வந்தால் ஆட்கள் கிடைப்பார்கள், அலுவலகம் கிடைக்காது.