காரைக்குடியில் டி.டி.ஐ ஸ்கேன்: படம் நம்பலாம், அறிக்கை போதாது

தலைக்காயத்துக்கு டி.டி.ஐ (மூளையின் நரம்பிழைகளைப் பார்க்கும் ஒருவகை எம்.ஆர்.ஐ ஸ்கேன்) எடுக்கும் காரைக்குடி சென்டர் ஒன்றைப் பற்றிய மதிப்பீடு இது. ஐந்துக்கு மூன்று.

பைக்கில் விழுந்த அன்றைக்கு எடுக்க வேண்டியது சி.டி. ஸ்கேன்தான். ரத்தக்கசிவும் மண்டையோட்டு முறிவும் அதில் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். சி.டி. நார்மல் என்று வந்தும் தலைவலி, மறதி, தடுமாற்றம் வாரக்கணக்கில் தீராதவர்களுக்குத்தான் டி.டி.ஐ. நரம்பிழைகள் ஓடும் மூளையின் வெண்பொருளில் நீர் நரம்பிழையின் நீளவாக்கில் எளிதாகப் பரவும், குறுக்கே அவ்வளவு பரவாது. இழை நைந்தால் அந்த ஒழுங்கு குலையும். அந்த ஒழுங்கை 0 முதல் 1 வரை அளப்பதே எஃப்.ஏ. எண்.

படம் எடுப்பதில் குறை சொல்ல முடியாது. மெஷினின் காந்த வலு 1.5 டெஸ்லா, நீர்ப் பரவலை 32 திசைகளில் அளக்கிறார்கள், பரவலை எவ்வளவு அழுத்தமாகப் பதிகிறது என்று சொல்லும் பி மதிப்பு 1000. கணக்குப் போட 6 திசை போதும். ஆனால் 30-க்குக் கீழே போனால் எண்ணை நம்புவது கடினம். நுண்கசிவைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ-யும் சேர்த்தே எடுக்கிறார்கள். தலை அசையாமலிருக்கப் பஞ்சு அணை வைக்கிறார்கள். தாலிக்கொடி ஊக்கு, மெட்டி, தாயத்து எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். பல்லில் கம்பி இருந்தாலும் சொல்லுங்கள்: நெற்றிப்பக்க மூளையின் படம் கோணிப்போகும், அடி அதிகம் படும் இடமும் அதுதான்.

சறுக்குவது அறிக்கையில். ஒரு வண்ணப்படம், "கார்பஸ் கலோசத்தில் எஃப்.ஏ. குறைவு" (மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் இழைக்கட்டு அது) என்று ஒரு வரி, அவ்வளவுதான். யாரோடு ஒப்பிட்டுக் குறைவு? வயது ஏற ஏற எஃப்.ஏ. தானே இறங்கும், மெஷினுக்கு மெஷின் மாறும், நாள்பட்ட ரத்த அழுத்தமும் குடியும்கூட இறக்கிவிடும். அதே வயதினரை அதே மெஷினில் எடுத்த எண்கள் பக்கத்தில் இல்லாமல் அந்த வரிக்கு மதிப்பில்லை. அந்த எண்கள் இருந்தாலும்கூட, ஒருவருக்கு லேசான மூளைக்காயம் உண்டா என்பதை டி.டி.ஐ மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. விபத்து இழப்பீட்டு வழக்குக்கு இதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

படத்தில் சிவப்பைப் பார்த்துக் குடும்பமே பதறுகிறது. சிவப்பு காயமல்ல; இடவலமாக ஓடும் இழை. பச்சை முன்பின், நீலம் மேல்கீழ். இழை நடுவில் அறுந்ததுபோல் தெரிவதும் பல நேரம் மென்பொருளில் வைத்த வரம்பால்தான்.

ஃபிலிமோடு திரும்பாமல், டைகாம் கோப்புகள் (ஸ்கேன் படங்களின் கம்ப்யூட்டர் கோப்புகள்) முழுவதையும் குறுந்தகட்டில் கேட்டு வாங்குங்கள். மதுரையில் நரம்பியல் ரேடியாலஜிஸ்ட் மறுபடி பார்க்க அதுதான் வேண்டும்.