புளியரை வீட்டில் போன் சிக்னல்: ஐந்து வருடத்தில் எது கைகொடுத்தது

எங்கள் வீடு தென்காசி மாவட்டத்துப் புளியரையில், கேரளா எல்லைச் சோதனைச்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால். மேற்கே மலை, அதைத் தாண்டினால் ஆரியங்காவு, கேரளா. 2020 கடைசியில் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு காங்கிரீட் வீடு கட்டினோம், சாரலுக்கும் வெயிலுக்கும் சேர்த்து மொட்டைமாடி முழுக்கத் தகர ஷீட்டும் போட்டோம். குடிவந்த அன்றைக்கே தெரிந்துவிட்டது, பழைய வீட்டில் அடுப்படியில் நின்று பேசிய அதே போன் புது வீட்டில் ஹாலைத் தாண்டினால் செத்துவிடுகிறது. அம்மா தன் போனை ஒரு மஞ்சப்பையில் போட்டு கிழக்கு ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருப்பாள். மணி அடித்தால் எழுந்து வந்து கன்னத்தைக் கம்பியோடு ஒட்டிவைத்துக்கொண்டுதான் பேச்சு.

2021 ஆடியில் ஒரு ராத்திரி அம்மாவுக்கு மூச்சு முட்டியது. 108க்கு அடித்தால் போகவே இல்லை, மாடிக்கு ஓடினேன், ஷீட்டுக்குக் கீழே அங்கேயும் இல்லை. கொட்டுகிற மழையில் ரோட்டுக்கு ஓடி, லாரியை ஓரங்கட்டித் தூங்கிக்கொண்டிருந்த ஒரு டிரைவரை எழுப்பி, "அண்ணாச்சி, ஒரு போன் பண்ணிக்கிறேன்" என்று கெஞ்சி வாங்கித்தான் பேசினேன். ஆம்புலன்ஸ் வந்தது, அம்மா நன்றாக இருக்கிறாள். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்துக்கு அப்புறம் இந்த விஷயத்தை என்னால் சும்மா விட முடியவில்லை. இதே தொல்லையில் இருக்கிறவர்கள் காசைக் கொட்டுவதற்கு முன் படிக்கட்டும் என்றுதான் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

முதலில் நான் செய்தது தப்பு. ஆன்லைனில் சிக்னல் பூஸ்டர் என்று ஒரு பெட்டியை வாங்கி மாட்டினேன். போனில் கோடு முழுசாக ஏறியது, ஆனால் நான் பேசுவது எதிர்முனையில் இருப்பவருக்கு விட்டுவிட்டுத்தான் கேட்டது. டவர் பராமரிப்பில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் வந்து பார்த்துவிட்டு, "மாப்ளே, இதை இன்னைக்கே கழற்றிரு" என்றான். வெளியே இருக்கும் ஆன்டெனாவும் உள்ளே இருக்கும் பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், அது தன் சத்தத்தையே திரும்பக் கேட்டுக் கத்த ஆரம்பித்துவிடும், அந்த இரைச்சல் டவருக்குப் போய் ஊரில் மற்றவர்கள் பேசுவதையும் கெடுக்கும். சட்டப்படியும் தப்பு. தொலைத்தொடர்பு நிறுவனங்களைத் தவிர தனி ஆட்கள் இதை வைத்திருப்பதோ விற்பதோ கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை 2022இல் அறிவிப்பே கொடுத்தது. அதற்கு முன்பே நான் கழற்றிவிட்டேன். விற்கிறார்களே என்று நம்பி வாங்காதீர்கள்.

அதே நண்பன்தான் அளந்து பார்க்கச் சொன்னான். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய், போனைப் பற்றிய பகுதியில் சிம் ஸ்டேட்டஸைத் திறந்தால் சிக்னல் அளவு டிபிஎம் கணக்கில் இருக்கும். மைனஸ் எண், அதனால் 90 என்பது 110ஐ விட நல்லது. திரையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம், ஒவ்வொரு கம்பெனி போனும் அதைத் தன் இஷ்டத்துக்குக் காட்டும். நானும் மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரூம் ரூமாகப் போய், நான் எண்ணைச் சொல்லச் சொல்ல அவள் சுவரில் சாக்பீஸால் எழுதினாள். வாசலில் மைனஸ் 92. ஆபீஸ் ரூமில் 108. அம்மா ரூமில் 117. பத்து எண் இறங்கினால் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிடும், ஆக வாசலுக்கும் அம்மா கட்டிலுக்கும் நடுவில் சுமார் 300 மடங்கு போய்விடுகிறது. அந்த எண்களைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது, டவர் தூரம்தான், ஆனால் சிக்னலைப் பெரும்பாலும் தின்றது எங்கள் வீடே. காங்கிரீட்டுக்குள் கம்பி, மேலே தகரம், ஜன்னலில் கொசுவுக்கு அடித்த ஸ்டீல் வலை. அம்மா ரூம் ஜன்னலில் மட்டும் ஸ்டீலை எடுத்துவிட்டு நைலான் வலை அடித்தேன், 117 இருந்தது 112 ஆனது. சில நூறு ரூபாய் செலவில் கிடைத்தது.

அடுத்தது சிம். என் ஆபீஸ் வாசல் அறைதான், லாரிகளுக்கு இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கிற ஜிஎஸ்டி சீட்டு) போட்டுக் கொடுக்கிற வேலை. வருகிற டிரைவர்களிடம் விதவிதமான சிம் இருக்கும். அவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் போனை வாங்கி அம்மா ரூமில் வைத்துப் பார்த்து எழுதிக்கொண்டேன். ஒரு கம்பெனி மட்டும் உள்ளே வரை தாக்குப்பிடித்தது. 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை சுவரைத் தாண்டி வரும், 2300 வெளியே வேகமாக இருந்தாலும் சுவரில் மோதினால் சுருண்டுவிடும், அதுதான் காரணம். 1900க்கு மெசேஜ் அனுப்பி நம்பரை அதற்கு மாற்றினேன். கம்பெனிகள் போடும் கவரேஜ் மேப்பில் எங்கள் தெரு முழுக்கப் பச்சைதான், அது வெளியே நிற்பவருக்கான கணக்கு, உங்கள் கட்டிலுக்கானது அல்ல.

எல்லையில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. பின்பக்கத் தோட்டத்துக்குப் போனால் போன் கேரளா டவரைப் பிடித்துக்கொள்ளும், உள்ளே வந்தால் தமிழ்நாடு. ரோமிங்குக்கு இப்போது தனிக் காசு இல்லை, ஆனால் இந்த இழுபறியில் போன் கால் அறுந்துபோகும், பேட்டரியும் சாயங்காலத்துக்குள் காலி. நெட்வொர்க் தேர்வை ஆட்டோமேட்டிக்கில் இருந்து எடுத்து தமிழ்நாட்டு நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்தேன், நின்றது. கேரளாவில் இருக்கும் புனலூர் போகும்போது மறக்காமல் திரும்ப ஆட்டோமேட்டிக்கில் போட வேண்டும், இல்லையென்றால் மலை ஏறியதும் போன் ஊமை.

இதெல்லாம் செய்தும் அம்மா ரூம் முழுசாகச் சரியாகவில்லை. சரியானது வைஃபை காலிங்கில்தான். 2022 நடுவில் எங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்தது, அன்றைக்கே போட்டேன். நம் சாதாரண நம்பரிலேயே, எந்த ஆப்பும் இல்லாமல், போன் கால் டவருக்குப் பதிலாக வீட்டு இன்டர்நெட் வழியாகப் போகும். போனும் கம்பெனியும் இரண்டும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். அம்மாவின் பட்டன் போனில் இல்லை, அதனால் ஒரு சின்ன ஆண்ட்ராய்டு வாங்கிக் கொடுத்தேன். செட்டிங்கில் வைஃபைக்கு முன்னுரிமை என்று வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் போன் அந்த 112ஐயே பிடித்துக்கொண்டு தொங்கும். அம்மா ரூமில் ஆரம்பத்தில் குரல் உடைந்தது, வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸில் இருந்து 2.4க்கு மாற்றியதும் தெளிவானது. குறையும் சொல்ல வேண்டும், பேசிக்கொண்டே கேட்டைத் தாண்டினால் டவருக்கு மாறும் இடத்தில் சில தடவை அறுந்துவிடும். சில பேங்க் ஓடிபி தாமதமாக வரும். இ-வே பில்லுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் ஓடிபி கட்டாயம் ஆனபோது இதுதான் என் பயம், ஆனால் அது இதுவரை ஒழுங்காகத்தான் வருகிறது.

பெரிய குறை கரண்ட். ஆனி, ஆடி காற்றுக்கு இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. போனால் ரவுட்டர் அணையும், ரவுட்டர் அணைந்தால் மறுபடி பழைய கதை. ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் வாங்கினேன், வாங்குவதற்கு முன் உங்கள் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்குங்கள். எனக்கு மூன்று மணி நேரம் தாங்கும். ஆனால் ஃபைபர்காரர் பக்கம் கரண்ட் போனாலோ மரம் விழுந்து கேபிள் அறுந்தாலோ அந்த யுபிஎஸ்ஸால் ஒரு பிரயோஜனமும் இல்லை. 2023 சாரலில் அப்படி ஒரு முழு நாள் போனது.

அதற்கு அப்புறம்தான் மாடி ரவுட்டர் வைத்தேன். வேறு கம்பெனி சிம் போட்ட ஒரு 4ஜி ரவுட்டர், மாடிப்படி அறையின் கிழக்கு ஜன்னலில், தகர ஷீட்டுக்கு வெளியே பார்க்கிற மாதிரி. கடையில் வெளி ஆன்டெனா போட்டு வயரைக் கீழே இழுக்கச் சொன்னார்கள். அப்படிச் செய்யாதீர்கள். மெல்லிய ஆன்டெனா வயரை நீளமாக இழுத்தால் ஆன்டெனா சேர்த்துக் கொடுப்பதை அந்த வயரே தின்றுவிடும். ரவுட்டரைச் சிக்னல் இருக்கும் இடத்திலேயே வைத்து, கீழே லேன் கேபிளை இறக்குங்கள், அது 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். ஃபைபர் நின்றால் கீழே இருக்கும் வைஃபை ரவுட்டரில் கேபிளை மாற்றிச் செருகுகிறேன், வைஃபை பெயர் அதேதான், அம்மாவுக்கு மாறியதே தெரியாது.

யுபிஎஸ் பேட்டரி இந்த வருடம் வீங்கிவிட்டது, புதுசு போட்டாயிற்று. நீங்களும் அதை வருடத்துக்கு ஒரு தடவை திறந்து பாருங்கள். மஞ்சப்பை இப்போது காய் வாங்கப் போகிறது. தென்மலையில் இருக்கும் சித்தியோடு அம்மா ராத்திரி ஒன்பது மணிக்குப் படுத்தபடியே பேச ஆரம்பிப்பாள், நான் லைட்டை அணைக்கப் போகும்போதும் பேச்சு முடிந்திருக்காது.